கித்தாரின் உறுமலும் கிணற்றடித் துவைகல்லும்

கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தந்தியைக்கூட மீட்டவில்லை. ஆனாலும் அறை முழுக்க உறுமல். வாசலில் எவனோ லாரியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்ட மாதிரி ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே உறுமல்.

“நீ இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலியே. பின்ன இது என்ன சத்தம்?” என்று கேட்டார் தேவதாஸ் சார்.

“அதத்தான் சார் தேடிக்கிட்டு இருக்கோம்” என்றேன்.

“எத்தன நாளா?”

நான் ஜெபராஜ் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரிக்கார்டரில் முள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

தேவதாஸ் சார் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஈஸ்டர் பண்டிகைக்கு ஒரு கேசட் கொண்டுவருவதற்காக எட்டுப் பாட்டு எழுதி, மெட்டும் போட்டிருந்தார். கடைசிப் பாட்டில், ஆண்டவர் உயிர்த்தெழும்போது கல்லறையின் கல் புரளுகிற இடத்தில், முப்பது விநாடி என்னுடைய எலெக்ட்ரிக் கித்தார். அதுவும் நல்ல பிள்ளையாக வாசிக்கிற கித்தார் இல்லை. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, தொண்டை கிழியக் கத்துகிற கித்தார். சாரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

“சனிக்கிழம பத்து மணிக்கு வருதேன்” என்றார் சார். “சுத்தமா இருந்தா உன் கித்தாரு. இல்லேன்னா ராபின் கீபோர்டுல வாசிக்கட்டும். அதுல கித்தார் சத்தத்துக்குன்னே ஒரு பட்டன் இருக்காம்லா.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வியாழன்.

அந்தப் பட்டன்தான் அப்போது என் ஜென்ம விரோதி. ஊரில் உள்ள எல்லாக் குழுக்களிலும் கித்தார்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கீபோர்டு வந்து உட்கார்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ராபின் நல்ல பையன், அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த முப்பது விநாடியும் அவன் விரலுக்குப் போய்விட்டால், இனி என்னை எந்தக் குழுவும் கூப்பிடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு மிச்சம் வயரிங் வேலைதான். ஆமாம், பிழைப்புக்கு நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிற வேலை பார்த்தேன். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். நான் வெட்கப்பட வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

போன வாரம் இதே பத்தியில், தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் அந்தக் கித்தாரை வாங்கிய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு நண்பர், “வாங்கினது இருக்கட்டும், அதுல என்னத்த வாசிச்சீரு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நாங்குநேரியில் கிழிந்த குழாய்

இந்தக் கத்தல் சத்தத்தின்மேல் எனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு வயது இருக்கும். நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. வேப்ப மரத்தில் கூம்புக் குழாய் கட்டியிருந்தார்கள். பாட்டுப் போட்டவர் சத்தத்தை முழுக்கத் திருகிவைத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது போல. நாதஸ்வரம் கரகரவென்று, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது.

பெரியவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இலையை விட்டு எழுந்து மரத்தடியில் போய் நின்றேன். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, துபாயிலிருந்து வந்த ஒருவர் வீட்டில் வெளிநாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்டபோது, “இது நாங்குநேரிக் குழாயில்லா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெடல் செய்வது அதே வேலையைத்தான். பெரிய சத்தத்தின் தலையில் தட்டும், சின்னச் சத்தத்தைத் தூக்கி நிறுத்தும். பைய மீட்டினாலும் அலறும். ஆனால் அதற்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரியாது. தந்தியின் ஓசையைத் தூக்குகிற அதே கையால் கரண்டின் முனகலையும் தூக்கிவிடும். பெடலை மிதிக்காதவரை யாருக்கும் கேட்காத முனகல், மிதித்ததும் லாரியாகிவிடும்.

கூண்டில் ஏறியவர்கள்

ஜெபராஜ் அண்ணன் அடிப்படையில் ரேடியோ மெக்கானிக். கேசட்டிலேயே நான்கு டிராக் பதிகிற ரிக்கார்டர் ஒன்று வைத்திருந்தார். கிணறும் புழக்கடையும் உள்ள ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். சுவர் முழுக்கப் பத்தமடைப் பாய். மடித்தால் கைக்குள் அடங்கும் என்பார்களே, அந்தக் கல்யாணப் பாய் இல்லை. படுத்துப் படுத்து ஓரம் பிரிந்த சாதாரணக் கோரைப் பாய்கள்.

முதலில் மாட்டியது வயர். கித்தாரிலிருந்து பெடலுக்குப் போகிற வயரை மாற்றினோம். ஜாக்கைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தோம். உறுமல் அப்படியே இருந்தது. பெடலுக்குப் புது பேட்டரி போட்டோம். டியூப் லைட்டின் சோக்கைச் சந்தேகப்பட்டு விளக்கை அணைத்தோம். மேலே கேட்ட ஒரு சின்ன ரீங்காரம் மட்டும் போனது. ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டு ஃபேனை நிறுத்தினோம். பங்குனி வெயிலில் இருட்டறையில் இரண்டு ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு வேர்வையில் ஊறியதுதான் கண்ட பலன்.

கித்தாரோடு நாற்காலியை நகர்த்தினால் சத்தம் கூடியது, குறைந்தது. வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கியது.

“ஏலே செல்வின், நீ தெச பாத்து வாசிக்கத பாத்தா ஜோசியர்கிட்டதான் போவணும் போல” என்றார் ஜெபராஜ் அண்ணன்.

தந்தியில் கை வைத்தால் உறுமல் தணியும். எடுத்தால் எகிறும். ஈர விரலென்றால் தொடும்போது லேசாகச் சுருக்கென்றது. இதற்கு முன்னால் பாட்டுப் பதிந்தபோதும் குழுப் பெண்கள் மைக் உதட்டில் பட்டால் கடிக்கிறது என்று சொன்னார்கள். நாங்கள் மைக்குக்கு ஒரு பஞ்சு உறை மாட்டி, காலடியில் இரண்டு பாயைப் போட்டு, “இப்பம் நின்னு பாடுங்கம்மா” என்று சொல்லிவிட்டோம். கடிக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டதாக நினைப்பு.

கடைசியில் அண்ணன் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கில் மூன்றாவது பின்னைக் கழற்றிப் பார்த்தார். அதுதான் எர்த். செய்யக்கூடாத காரியம், ஆனால் பாதி ஊர் செய்கிற காரியம். கழற்றியும் உறுமல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அதுவும் இல்ல. விடு” என்று திரும்ப மாட்டிவிட்டார்.

நானும் விட்டுவிட்டேன். எர்த்தைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், மாட்டியிருக்கிற எர்த் வேலை செய்யவே இல்லை என்று அர்த்தம். வயரிங்காரனுக்கு இது அரிச்சுவடி. எத்தனையோ வீட்டில் எர்த் குழியை நானே தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடி, “கோடையில இதுல ரெண்டு வாளி தண்ணி ஊத்திருங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த். காய்ந்துவிட்டால் அது வெறும் குழாய். இவ்வளவும் தெரிந்த நான், பெடலைப் பிரித்துப் போட்டு நான்கு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருக்கும்போது கித்தார் ஞாபகம், கித்தாரைத் தொட்டால் வேலை ஞாபகம் சுத்தமாக இல்லை. அந்த வாரம் ஒரு வீட்டில் காலிங் பெல் ஸ்விட்சில் மின்விசிறியை இணைத்துவிட்டு வந்த ஆள் நான்.

நாங்கள் ஜெயித்த ஒரே சத்தம்

இதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டின் முன்கட்டில் எஸ்தர் அக்கா குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. அக்காவுக்குப் பெரும்பாலும் ராத்திரி டூட்டி. காலையில் ஒன்பது மணிக்கு வருவார். வந்ததும் கிணற்றடிக்குப் போய், வெள்ளைச் சீருடையைத் துவைகல்லில் ஓங்கி அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் தூங்குவார். ராத்திரி முழுக்க யார் யார்மேலோ வந்த கோபத்தையெல்லாம் அந்தக் கல்லில் அடித்துத் தீர்ப்பார் போல. அப்படி ஒரு அடி.

குழுவின் பாட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தோம். அமைதியான இடத்தில் எல்லாம் தொம், தொம் என்று கல் சத்தம் விழுந்தது. பேசிப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

“அக்கா, ரிக்கார்டிங் முடியந்தட்டியும் இங்கன துவைக்காண்டாம்க்கா” என்றேன்.

“பின்ன எங்கன துவைக்க?”

“கால்வாய்ல தண்ணி போகுதுல்லா.”

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கண்கள் தூக்கத்தில் சிவந்திருந்தன. துணியை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். அன்றிலிருந்து கல் சத்தம் இல்லை. உள்ளே வந்து, “முடிச்சிட்டேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கருகிய கல்வாழை

வெள்ளிக்கிழமை பிற்பகல். அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது, நின்றால் கை பரபரத்தது. புழக்கடைக்கு வந்து, கிணற்றுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பகல் தூக்கம் கழிந்து எஸ்தர் அக்கா கிணற்றடியில் நின்றிருந்தார்.

“என்ன தம்பி, வெயில்ல இப்படி உலாத்துதே?”

“உள்ள ஒரு உறுமல்க்கா. அடங்கவே மாட்டேங்கு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நான் செத்தவ மாதிரில்லா தூங்குதேன்.” துவைகல்லுக்குப் பக்கத்தில் குனிந்தார். “இந்தக் கல்வாழையப் பாரு. துவைக்கிற தண்ணி பாஞ்சுதான் இம்புட்டு உசரம் நின்னுச்சு. ரெண்டு வாரமா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கருகிப்போய்க் கெடக்கு.”

பார்த்தேன். இலை ஓரமெல்லாம் பழுப்பேறி மடங்கியிருந்தது. தூரில் மண் வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்கு நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். குழாயில் கட்டிய கம்பி சுவர் ஏறி, மீட்டர் பலகைக்குப் போனது.

எத்தனையோ தடவை அந்தக் குழாயைத் தாண்டி நடந்திருக்கிறேன். இப்போது அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன, குத்தவச்சிட்ட?” என்றார் அக்கா.

விஷயத்தைச் சொன்னேன். வீட்டின் எர்த் குழி இதுதான் என்றும், அக்கா துவைத்துக் கொட்டுகிற தண்ணீர் ஓடி வந்து இதை நனைத்துக்கொண்டே இருந்தது என்றும், அது நின்றதால் எர்த் போய், உள்ளே கித்தார் உறுமுகிறது என்றும் சொன்னேன். உப்பும் தண்ணீரும் ஊற்றினால் சரியாகும் என்றேன்.

“அப்பம் நான் துவைச்ச தண்ணியிலதான் ஒங்க பெட்டி வாய மூடிக்கிட்டு இருந்திருக்கு.”

“ஆமாக்கா.”

“அது தெரியாம என்னையக் கால்வாய்க்குப் போவச் சொல்லிட்ட.”

முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பெரிய பிளாஸ்திரி. கால்வாய்ப் படியில் பாசி வழுக்கி விழுந்திருக்கிறார். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய் விழுந்திருக்கிறார். ஆறு நாள் ஆகிவிட்டதாம். ஒரே வீட்டில் போகவும் வரவும் இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எர்த்தை மறந்த வெட்கத்தைவிட இது பெரியதாக இருந்தது.

“இனிமே இங்கனயே துவைங்கக்கா” என்றேன்.

“நீ சொன்னா போவணும், நீ சொன்னா வரணுமோ?” அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “வாளி அந்தா கெடக்கு. கெணத்துல தண்ணி கெடக்கு. நீயே எறச்சு ஊத்து.”

உள்ளே போய்விட்டார்.

பல்ப் பழுத்த கதை

வயரிங்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எர்த் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு குண்டு பல்ப்பைப் போடுவோம். பளிச்சென்று எரிந்தால் நல்ல எர்த். அன்றைக்குப் போட்டபோது அணையப் போகிற பீடி மாதிரி உள்ளே ஒரு சிவப்புக் கம்பி மட்டும் தெரிந்தது.

ஜெபராஜ் அண்ணன் பல்ப்பைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தார். நான் இறைக்க ஆரம்பித்தேன். கோடைக் கிணறு. கயிறு போய்க்கொண்டே இருந்தது. முதல் மூன்று வாளியை மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. நான்காவதில் புஸ்ஸென்று மண் வாசனை எழுந்தது.

“எப்படிண்ணே இருக்கு?”

“லேசாப் பழுக்குது. ஊத்துலே.”

ஏழாவது வாளியின்போது பக்கத்தில் நிழல் விழுந்தது. எஸ்தர் அக்கா ஒரு பொட்டலம் கல்லுப்போடு நின்றார்.

“உப்பும் போடணும்னு சொன்னியே” என்று குழாயைச் சுற்றித் தூவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

பத்தாவது வாளியில் அண்ணன் உள்ளேயிருந்து, “செல்வின், இங்கன வா” என்றார். குரல் மாறியிருந்தது. ஓடினேன். பல்ப் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த பாயின் கோரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். பெடலை மிதித்தேன். லாரி போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த முனகலுக்கு டியூப் லைட்டை அணைத்து, வடக்கே திரும்பி உட்கார்ந்து, பெடலின் திருகை முக்காலிலிருந்து பாதிக்குக் குறைத்தோம். கடைசியில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான் பாக்கி. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அண்ணன். எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் இறைத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை

காலை எட்டு மணிக்கே போய் மேலும் நான்கு வாளி ஊற்றினேன். அதற்குள் ஜெபராஜ் அண்ணன் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கொஞ்சம் பக்கத்தில் வைத்து என்று ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டார். ஒன்பதே காலுக்கு ரிக்கார்டரை ஓட்டினார். பாட்டு காதில் ஓடியது. கல்லறை வரி வந்தது. மிதித்தேன்.

என் ஆயுளில் அப்படி வாசித்தது இல்லை. நாங்குநேரி வேப்ப மரத்துக் குழாய் என் கைக்குள் வந்துவிட்டது. முப்பது விநாடி முடிந்து தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினேன். அதற்குப் பிறகு பாட்டில் ஒரு மூச்சு அளவு மௌனம். அப்புறம் குழு சேர்ந்து பாட வேண்டும்.

அந்த மௌனத்தில் தொம் என்று விழுந்தது.

எஸ்தர் அக்கா டூட்டி முடிந்து வந்துவிட்டார். தன்னுடைய கல்லில் துவைக்கிறார்.

“போச்சு” என்று ஹெட்ஃபோனைக் கழற்றினார் அண்ணன். “போய்ச் சொல்லுலே. அஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லு.”

“மாட்டேன்.”

“பத்து மணிக்கு சார் வந்துருவாருலே.”

“வரட்டும்ணே. நான் போய்ச் சொல்ல மாட்டேன்.”

கித்தார் போனாலும் போகட்டும் என்று அப்போது உண்மையிலேயே நினைத்தேன். நினைத்துவிட்டு உடனே கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதும் உண்மை. இரண்டாம் தடவை வாசித்தேன். மௌனத்தில் இரண்டு அடி விழுந்தது. மூன்றாம் தடவை என் கையே தடுமாறிவிட்டது. முதல் தடவை பதிந்ததையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். வேறு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் துவைத்து முடிந்து, அக்கா வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு தேவதாஸ் சார் வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“திரும்பப் போடும்” என்றார். மறுபடி கேட்டார்.

பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாக வைத்தார்.

“கித்தாரு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நின்ன ஒடனே ஒண்ணு விழுது பாரு, கல்லு புரண்டு விழுந்த மாதிரி. அத எப்படி வே செஞ்சீங்க? எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“அது தானா அமைஞ்சது சார்” என்றார் அண்ணன்.

கேசட் வந்தது. பண்டிகையன்று ஆலய வளாகத்தில் எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கித்தாரைப் பற்றிச் சொன்னது ராபின் ஒருவன்தான். “பட்டன்ல இது வராது அண்ணே” என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது. அதன்பிறகு ஆறேழு வருடம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு கேசட்டை எஸ்தர் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்படி வாசலில் டேப் ரிக்கார்டரை வைத்து, நின்றபடியே கேட்டார். கித்தார் வந்தபோது முகத்தைச் சுளித்தார். அது நின்றது. தொம் என்று விழுந்தது.

“ஏ, இது என் கல்லுல்லா” என்றார்.

திரும்ப ஓட்டிக் கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். பிறகு கேசட்டின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பாடியவர்கள், வாசித்தவர்கள் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முழங்கைக் காயம் ஆறி, அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“எல்லார் பேரும் இருக்கு. என் பேரக் காணலியே தம்பி” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அடுத்த பதிப்பில் போட்டுவிடுகிறேன் என்றேன். அடுத்த பதிப்பு வரவே இல்லை.

ஆகவே இங்கே போடுகிறேன். கடைசிப் பாட்டு. கித்தார், செல்வின். கல், எஸ்தர் அக்கா.